வேட்டை நாயின் படுக்கை

நேற்றைய பத்திரிகை இன்றைக்குக் கச்சான் சரை என்று அச்சுக்கூடத்து ஊழியர்கள் எங்களைக் கேலி செய்வதுண்டு. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகை அலுவலகங்களில் கழித்தவன் என்ற முறையில் அந்தக் கேலியில் எனக்கு வருத்தமில்லை. கச்சானுக்கு அப்பாலும் பத்திரிகைத் தாளுக்கு ஒரு பிழைப்பு உண்டு என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். பிரித்தானியாவிலும் வட அமெரிக்காவிலும் விற்காமல் திரும்பிய பத்திரிகைகளை நார் நாராகக் கிழித்து, குதிரை லாயங்களிலும் நாய்க் கொட்டில்களிலும் படுக்கையாகப் பரப்புகிறார்கள். ஆசிரியத் தலையங்கத்தின் மேல் ஒரு நாய் நிம்மதியாக உறங்குமானால், அது அந்தத் தலையங்கத்துக்குக் கிடைத்த மோசமான வரவேற்பு என்று சொல்ல மாட்டேன்.

இப்படிச் சொன்னவுடன் எல்லோரும் கேட்பது மையில் நஞ்சு இல்லையா என்பதுதான். ஈயம் எங்கள் காலத்தில் எழுத்தச்சுகளில் இருந்தது. எழுத்துக் கோப்பவர்களின் விரல்களில் இருந்தது. பத்திரிகையின் கறுப்பு மை கரிப்பொடியும் எண்ணெயும் சேர்ந்த கலவை. அந்த எண்ணெய் நெடுங்காலம் கனிய எண்ணெயாக இருந்தது. 1980களில் அமெரிக்கப் பத்திரிகைகள் சோயா எண்ணெய் கலந்த மைக்கு மாறத் தொடங்கின. பத்திரிகை மை முழுமையாக உலர்வதில்லை. தாள் அதை உறிஞ்சி வைத்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே வெள்ளை நாய் சாம்பல் நிறமாக எழுந்து வருவதைத் தவிர, கறுப்பு வெள்ளைத் தாளால் பெரிய கேடு வருவதில்லை. பளபளப்பான வர்ணத் தாள்களை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். தாளின் உண்மையான குறை வேறு. நனைந்தால் கூழாகிக் கீழே படிந்துவிடும். ஈர நாய் ஒன்று ஒருமுறை படுத்து எழுந்தால் அடுத்த நாளே அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். தூசி மிகக் குறைவு என்பதால் இருமல் உள்ள நாய்க்கு அது நல்லது.

இந்த விடயத்தில் நான் இவ்வளவு தூரம் நுழைந்ததற்குக் காரணம் என் சித்தப்பாவின் பேரன். கனடாவில் ஒன்ராரியோ மாகாணத்தின் வடக்கே வேலை பார்க்கிறான். அங்கே அனுமதிப்பத்திரம் எடுத்து முயல் வேட்டைக்குப் போகும் நண்பர்களோடு சேர்ந்து அவனும் இரண்டு பீகிள் நாய்களை வளர்க்கத் தொடங்கியிருக்கிறான். கடையில் பஞ்சு மெத்தை, கம்பளி, மரச்சீவல், வைக்கோல் எனப் பலவும் விற்கிறார்களாம். எதை வாங்குவது என்று தெரியாமல் எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"பெரியப்பா, அப்பப்பா தன்ரை நாயளுக்கு என்னத்தைப் போட்டுப் படுக்க விட்டவர்?"

வேட்டையை நான் ஆதரிப்பவன் அல்லன். நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வன்னியில் அதை மதித்தவர்களும் உண்டு, மதியாதவர்களும் உண்டு. ஆனால் வேட்டை சரியா பிழையா என்ற கேள்வியும், வேட்டைக்குப் போய்வந்த நாய் இரவில் எதன் மேல் படுக்கிறது என்ற கேள்வியும் வெவ்வேறு. முதலாவதில் மனிதனுக்குத் தெரிவு உண்டு. இரண்டாவதில் நாய்க்குத் தெரிவு கிடையாது.

சித்தப்பா ஒட்டுசுட்டான் பக்கத்தில், முத்தையன்கட்டுக் குளத்து நீரை நம்பி வயல் செய்தவர். கதிர் முற்றும் காலத்தில் காட்டுப்பன்றிகள் ஓர் இரவில் அரை ஏக்கரை உழுதுவிட்டுப் போகும். அதற்காகவே அவரிடம் நான்கைந்து நாய்கள் எப்போதும் நின்றன. தனி இனம் என்று எதுவும் இல்லை. ஊர் நாய்களில் மூக்கும் துணிச்சலும் உள்ளவற்றைக் குட்டியாக இருக்கும்போதே பார்த்து எடுத்து வருவார். வீட்டின் பின்புறம், கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில். அதன் நிலத்துக்கு அவர் சீமெந்து போட்டிருந்தார். அக்காலத்தில் அது ஊரில் ஒரு பெருமை. சீமெந்து குளிரும் என்பதற்காகச் சீனி வந்த சணல் சாக்குகளை விரித்திருந்தார்.

1970களின் நடுப்பகுதியில் ஒரு மாரிகாலம். விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தேன். விடாத மழையில் நாய்கள் நாட்கணக்காகக் கொட்டிலிலேயே அடைந்து கிடந்தன. வீமன் என்றொரு இளம் நாய், ஒரு வயது கூட நிரம்பவில்லை. வேலையில்லாமல் கிடந்த அது சாக்கின் ஓரத்தைக் கடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இளம் நாய் கடிக்கத்தான் செய்யும். பின்னர் அது சாப்பாட்டைத் தொடவில்லை. குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்தது. முதுகை வளைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றது, படுக்கவும் முடியவில்லை. வெள்ளத்தில் வீதி மூடியிருந்ததால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வழியில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலையில் செத்துப்போயிற்று.

சித்தப்பா வேட்டைக்காரர். என்ன நடந்தது என்று பாராமல் புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. வயிற்றைத் திறந்து பார்த்தார். சணல் இழையின் ஒரு முனை இரைப்பையில் திரண்டு நின்றுவிட்டது. மறுமுனை குடலுக்குள் நெடுந்தூரம் போயிருந்தது. குடல் அந்த இழையை விழுங்கித் தள்ளப் பார்த்து, நாடா கோத்த பாவாடையின் இடுப்பைப் போலச் சுருங்கிச் சுருங்கி அதன் மேல் ஏறியிருந்தது. இறுகிய இழை சில இடங்களில் குடலை அறுத்திருந்தது. நூல், கயிறு, நாடா ஆகியவற்றை விழுங்கிய நாய்களுக்கும் பூனைகளுக்கும் இப்படித்தான் நேர்கிறது என்று பிற்காலத்தில் ஒரு மிருக வைத்தியர் எனக்கு விளக்கினார். கல்லை விழுங்கினால் அடைக்கும். நூலை விழுங்கினால் அறுக்கும். வாயிலோ பின்புறத்திலோ இழை தெரிந்தால் பிடித்து இழுக்கவே கூடாது என்றும் சொன்னார்.

அன்று மாலையே சாக்குகள் எல்லாம் கொளுத்தப்பட்டன. சித்தப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. மரக்காலைக்குப் போய்ப் பாலைப் பலகைகள் வாங்கி வந்து, நிலத்திலிருந்து அரையடி உயரத்தில் ஒரு தட்டு அடித்தார். பலகைகளுக்கு இடையில் விரற்கடை இடைவெளி விட்டார். இங்கிலாந்தின் வேட்டை நாய்க் கொட்டில்களில் நூற்றாண்டுகளாக இருக்கும் ஏற்பாடும் இதுதான் என்பது அவருக்குத் தெரியாது. நிலம் எதுவாயினும் நாய் அதிலிருந்து உயர்ந்து படுக்க வேண்டும் என்பதை அவர் தன் போக்கில் கண்டுகொண்டார்.

பேரனிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான். கடித்துப் பிய்த்து விழுங்கக்கூடிய எதையும், கடிக்கும் பழக்கம் உள்ள நாய்க்கு இரவு முழுவதும் துணையாக விடாதே. பஞ்சு திணித்த மெத்தையும் ரப்பர் நுரையும் கண்ணுக்கு மெத்தென்று இருக்கும். வயிற்றுக்குள் போனால் சாக்கும் அவையும் ஒன்றுதான். நம் ஊரில் இப்போது சணல் சாக்கின் இடத்தைப் பிளாஸ்டிக் இழையில் பின்னிய உரப்பை பிடித்திருக்கிறது. அது இன்னும் மோசம். ஓரம் பிரிந்தால் முழ நீளத்துக்கு இழை வரும். அதில் வந்தது யூரியாவா வேறு ஏதாவதா என்பதை நாயின் நாக்கு அறியாது. பூச்சிமருந்தோடு சேர்த்து வைத்திருந்த பையைக் கழுவிவிட்டேன் என்று சொல்லி நாய்க்கு விரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையைத் தங்கள் பிள்ளையின் தொட்டிலில் விரிப்பார்களா என்று கேட்கத் தோன்றும்.

இனி வைக்கோல். சித்தப்பாவின் தட்டில் அதற்குப் பிறகு வைக்கோல்தான். காலபோகச் சூடு அடித்து முடிந்ததும் வைக்கோற்போரின் நடுவிலிருந்து, நிறம் மாறாத காய்ந்த தாளை மட்டும் உருவி எடுப்பார். மேற்பக்கத்தில் மழை பட்டதும், அடியில் நிலத்து ஈரம் ஏறியதும் மாட்டுக்குக்கூட ஆகாது என்பார். கையில் ஒரு பிடியை அள்ளி மூக்கருகே பிடித்து உதறுவார். தூசி எழுந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ அது எருக்குழிக்குப் போகும். அந்தச் சோதனைக்கு ஆழ்ந்த காரணம் உண்டு. பூஞ்சணம் பிடித்த வைக்கோலில் எழும் வித்துகள் நாயின் மூக்கினுள் குடியேறலாம். நீண்ட முகமுள்ள நாய்களை அந்த மூக்குப் பூஞ்சண நோய் அதிகம் பிடிப்பதாக மிருக வைத்திய நூல்கள் சொல்கின்றன. மூக்கிலிருந்து ஒரு பக்கமாகச் சளியும் இரத்தமும் வடியும். மோப்பத்தால் பிழைக்கும் நாய்க்கு மூக்கு கெட்டால் பிறகு என்ன மிச்சம்?

வைக்கோலில் தப்பி நிற்கும் நெல்மணிக்கு எலி வரும். எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி. அது வயலில் இறங்கும் கமக்காரனுக்கு மட்டும் உரிய நோய் அன்று. நாய்க்கும் வரும். ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக் கொன்றுவிடும். எலியைத் தேடிப் புடையன் வரும். வன்னியில் வைக்கோலுக்குள் கையை விடுமுன் தடியால் தட்டிப் பார்ப்பது பழக்கம். ஆகவே படுக்கைக்குப் போகும் வைக்கோலில் மணி இல்லாமல் உதறுவதும், வாரம் ஒருமுறை முழுவதையும் அள்ளிக் கொளுத்துவதும் சித்தப்பாவின் கொட்டிலில் விதியாக இருந்தன. சனிக்கிழமை காலை அதைச் செய்யாமல் அவர் தேநீர் குடித்து நான் கண்டதில்லை.

உமியை அவர் தொடவே மாட்டார். கோழிக்குப் போடலாம், நாயின் கண்ணிலும் மூக்கிலும் அது ஊசியாய் ஏறும். அதே காரணத்துக்காகத்தான் மேலைநாடுகளில் வாற்கோதுமை வைக்கோலை ஒதுக்கிக் கோதுமை வைக்கோலைக் கேட்டு வாங்குகிறார்கள். வாற்கோதுமைக் கதிரின் கூர்கள் காதிலும் விரலிடுக்கிலும் நுழைந்தால் பின்னோக்கி வராது. முன்னேறிக்கொண்டே போகும்.

கனடாக் குளிருக்கு வைக்கோல் போதுமா என்று பேரன் சந்தேகப்பட்டான். கம்பளி அல்லவா சூடு என்றான். வீட்டுக்குள் படுக்கும் நாய்க்குக் கம்பளி சரி. வெளியே பெட்டியில் படுக்கும் நாய்க்கு அது பொறி. பனியில் திரிந்து நனைந்து வந்த நாயின் ஈரத்தைக் கம்பளி குடித்து வைத்துக்கொள்ளும். நள்ளிரவில் வெப்பநிலை இறங்கும்போது அந்த ஈரம் உறையும். வைக்கோற்றாள் உள்ளே குழலாக இருப்பது. காற்றைப் பிடித்து வைத்திருக்கும், நீரைப் பிடித்து வைக்காது. நாய் அதற்குள் சுழன்று சுழன்று ஒரு குழி செய்துகொண்டு, தன் உடற்சூட்டைத் தானே மூடிக்கொள்ளும். உலர்புல் வேறு, வைக்கோல் வேறு என்பதையும் அவனுக்கு வற்புறுத்திச் சொன்னேன். இரண்டையும் ஒரே மாதிரிக் கட்டித்தான் விற்கிறார்கள். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. உலர்புல் மாட்டின் உணவு. ஈரத்தை இழுக்கும், சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும்.

அடுத்துக் கேட்டது மரச்சீவல் பற்றி. அமெரிக்காவில் சீடர் மரச்சீவல் நாய்ப் படுக்கைக்குப் பேர்போனது. அதன் மணம் தெள்ளைத் துரத்தும் என்பார்கள். ஆனால் அந்த மணத்தைத் தருவது ஓர் எண்ணெய். சில நாய்களுக்குத் தோலில் அரிப்பும் கண்ணில் நீரும் வரும். மேற்குச் சிவப்புச் சீடரை அரியும் தொழிலாளர்களுக்கு அதன் தூசியால் ஆஸ்துமா வருவது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. இரவு முழுவதும் அந்த வாடைக்குள் கிடந்த நாய் காலையில் முயலின் மணத்தைச் சரிவரப் பிடிக்குமா என்று ஐயப்படும் வேட்டைக்காரர்களும் உண்டு. சூளையில் உலர்த்திய பைன் சீவல் அதைவிடப் பாதுகாப்பானது. பெரிய சீவலாக இருக்க வேண்டும், தூளாக இருக்கக் கூடாது.

நம் மரக்காலைகளில் கிடைக்கும் மரத்தூளில் எனக்கு நம்பிக்கையே இல்லை. வன்னியின் பெருமைக்குரிய மரம் முதிரை. அதன் தூள் பட்டால் தச்சர்களுக்குத் தோல் வெடித்துப் புண்ணாவது பழைய செய்தி. மரக்காலையில் ஒரே குவியலில் முதிரையும் பாலையும் வேம்பும் கலந்து கிடக்கும். எது எது என்று யார் பிரிப்பது? கம்பங்களுக்கும் வேலிக்கால்களுக்கும் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் ஏற்றிய மரத்தை அறுத்த தூளும் அதில் விழுந்திருக்கலாம். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஆர்சனிக்கில் நாயைப் படுக்க வைக்க முடியாது.

ஆனால் வெப்ப நாட்டில் வேட்டை நாய்க்குப் படுக்கையில் இருக்கும் முதல் எதிரி உயிருள்ளது. உண்ணி நாயின் மேல்தான் வாழ்கிறது என்று நாம் நினைக்கிறோம். இரத்தம் குடிக்கும் சில நாட்களைத் தவிர அதன் வாழ்நாளின் பெரும்பகுதி கொட்டிலில்தான் கழிகிறது. குடித்து வீங்கிய பெண் உண்ணி கீழே விழுந்து, ஒரு வெடிப்பைத் தேடி மேல்நோக்கி ஏறி, அங்கே நாலாயிரம் வரை முட்டையிடும். சுவர் வெடிப்பு, பலகை இடுக்கு, கூரைக் கிடுகு எல்லாம் அதற்குப் பிரசவ அறை. தெள்ளும் அப்படித்தான். நாயின் மேல் காணும் தெள்ளு சொற்பம். முட்டையும் புழுவும் கூடும் படுக்கையில் கிடக்கும். நாயைக் குளிப்பாட்டிவிட்டுப் பழைய படுக்கையிலேயே விடுவது வீண்வேலை. உண்ணி கொண்டுவரும் காய்ச்சல் எத்தகையது என்பதை அமெரிக்க இராணுவம் வியட்நாமில் கற்றது. 1960களின் பிற்பகுதியில் அங்கே அதன் நாய்கள் மூக்கில் இரத்தம் வடிந்து கூட்டங்கூட்டமாகச் செத்தன. எர்லிக்கியா என்ற அந்த நோய் நம் நாட்டு நாய்களிடமும் உண்டு.

சித்தப்பா வைக்கோலுக்கு அடியில் வேப்பிலையும் நொச்சியிலையும் காயவைத்துப் பரப்புவார். அவற்றால் ஓரளவு பயன் இருக்கலாம். அதைவிடப் பெரிய பயன், தட்டைக் கழற்றி மாதம் ஒருமுறை சித்திரை வெயிலில் நிமிர்த்தி வைத்ததிலும், பலகை இடுக்குகளில் கொதிநீர் ஊற்றியதிலும் இருந்தது என்பது என் அபிப்பிராயம். ஊரில் வேறு சிலர் சொறி பிடித்த நாய்க்குப் பழைய எஞ்சின் ஒயிலைப் பூசினார்கள். படுக்கையில் நப்தலீன் உருண்டை போட்டவர்களும் இருந்தார்கள். இரண்டும் நாய்க்கு நஞ்சு. அடுப்புச் சாம்பலில் நாய்கள் தாமாகவே போய்ப் படுக்கும். காய்ந்து ஆறிய சாம்பல் தெள்ளுக்கு ஆகாது, உண்மைதான். நனைந்த சாம்பல் காரமாகித் தோலை அரித்துவிடும். எனவே மாரியில் அடுப்படிப் பக்கம் நாய்களை அவர் அண்டவிடவில்லை.

இடத்துக்கு இடம் இது மாறும் என்பதற்கு நம் தீவே சான்று. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், ஐரோப்பிய இன வேட்டை நாய்களைக் கூட்டமாக வைத்து மரை வேட்டையாடினார். பின்னாளில் நைல் நதியின் ஊற்றுகளைத் தேடிப் போன அதே பேக்கர்தான். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், தை மாதத்து விடியலில் புல்லில் உறைபனி படியும் ஊர் அது. அங்கே நாய்க்குத் தேவை ஆழமான உலர்ந்த படுக்கை. முத்தையன்கட்டில் நாய் பகலில் படுக்கையைத் திரும்பியும் பாராது; மரத்தடியில் குழி தோண்டிக் குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைக்கும். நிழலில் ஈரம் மாறாத மணலில் மட்டும் அதை விடக் கூடாது. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் பாதத்தோல் வழியாக ஏறும்.

உடம்புக்கு உடம்பும் மாறும். தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்கள் முயலை ஓடிப் பிடிக்க வளர்க்கப்பட்டவை. தோல் மெல்லியது, எலும்பின் மேல் கொழுப்பே இல்லை. அவற்றைச் சீமெந்தில் படுக்க விட்டால் முழங்கையில் முதலில் மயிர் உதிரும், பிறகு தோல் தடிக்கும், பிறகு நீர் கட்டும். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கி வெறுந்தரையில் கட்டி வைக்கிறார்கள். ஒரு பலகையின் விலை அவர்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பேரன் கேட்காமல் விட்ட ஒன்று உண்டு. பீகிளுக்கும் முயலுக்கும் அது பெரும்பாலும் தேவைப்படாது. பன்றியின் கொம்பு கிழித்த நாயை எங்கே படுக்க விடுவது? வைக்கோலில் விட்டால் தூசியும் துரும்பும் காயத்தில் ஒட்டும். ஈ மொய்த்து முட்டையிட்டால் மூன்றாம் நாள் புழு நெளியும். கொட்டிலில் மற்ற நாய்கள் காயத்தை நக்கிப் பெரிதாக்கும். சித்தப்பா அப்படிப்பட்ட நாயைத் தனியே, வீட்டுத் திண்ணையின் உட்புறத்தில் வைப்பார். சித்தி தன் பழைய பருத்திச் சேலைகளை அதற்கென்றே சேர்த்து வைத்திருந்தார். நன்றாகக் கொதிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, கிழிசலின் நூல்களையெல்லாம் கத்தரித்துவிட்டு, நாலாக மடித்து விரிப்பார். வெளுத்த துணியாகப் பார்த்துத்தான் எடுப்பார். இரத்தமோ சீழோ கசிந்தால் அதில் உடனே தெரியும். காலையும் மாலையும் சேலை மாறும். நாய் தானாக எழுந்து வாசலுக்குப் போய் ஒன்றுக்கிருந்துவிட்டு வரும்வரை, நிறைசூலிக்கும் கொடுக்காத அந்த இடத்தை அதற்குக் கொடுத்திருந்தார்கள். காயம் பொருக்கு விட்டு, பொருக்கு உதிர்ந்து, புதுத்தோல் தெரிந்த பிறகுதான் அது வைக்கோலுக்குத் திரும்பியது.